சீனத்துக் கற்பு வளைவை வாசிக்கும் முறை

சீனாவுக்கு மருத்துவம் படிக்கச் சென்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் விடுமுறையில் ஊர் சுற்றும்போது எடுத்து அனுப்பும் ஒளிப்படங்களில், நான்கு கற்றூண்களும் அவற்றின் மேல் அடுக்கடுக்காக உத்தரக் கற்களும் கொண்ட உயரமான வாசல் ஒன்று அடிக்கடி காணப்படும். அதற்கு மதில் இருக்காது, கதவு இருக்காது, பின்னால் கட்டடமும் இருக்காது; வீதிக்குக் குறுக்கேயோ வயல்வெளியிலோ தனியாக நிற்கும். வீட்டிலுள்ளவர்கள் அதனைக் கோயில் வாசல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது பைஃபாங் என்றும் பைலோ என்றும் சீனர் அழைக்கும் நினைவு வளைவாகும். கற்றவர்க்கும் அதிகாரிகளுக்கும் கொடையாளிகளுக்கும் எழுப்பப்பட்ட வளைவுகளோடு, கணவன் இறந்த பின்னர் மறுமணம் செய்யாது வாழ்ந்த கைம்பெண்களுக்கு எழுப்பப்பட்டவையும் மிகப் பல. இவ்வழிகாட்டி கைம்பெண்களுக்கான வளைவுகளை மட்டும் எடுத்துக்கொள்கின்றது. சீன மொழி தெரியாத ஒருவர் அத்தகைய வளைவின் முன் நின்றோ, அதன் தெளிவான ஒளிப்படங்களை வைத்துக்கொண்டோ, எதை எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும், பார்த்தவற்றிலிருந்து எதை அறியலாம் என்பதே இதன் பொருள்.

தமிழருக்கு இவ்வளைவுகளைக் கண்டதும் முதலில் நினைவுக்கு வருவது சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கண்ணகிக்குக் கோயில் சமைத்த கதையாகத்தான் இருக்கும். அந்த நினைவைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. கண்ணகி தெய்வமானவள், மட்டுவிலிலும் வேறு ஊர்களிலும் இன்றும் பொங்கல் வாங்குகிறவள். ஊரில் கர்ப்பிணியாய் இறந்த பெண்ணின் நினைவாக வீதியோரம் வைக்கப்பட்ட சுமைதாங்கியும் இதற்கு ஒப்பாகாது, ஏனெனில் அதைக் குடும்பம் தானே வைத்தது. வைப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. சீன வளைவோ ஓர் அரச அலுவலின் முடிவு. யாரோ விண்ணப்பம் எழுதினார்கள், அதிகாரிகள் விசாரித்தார்கள், வயதும் ஆண்டுக்கணக்கும் சரிபார்க்கப்பட்டன, பேரரசர் ஒப்புதல் அளித்தார், வெள்ளி வழங்கப்பட்டது, அதன் பிறகுதான் கல் நடப்பட்டது. ஆகவே அதனை ஒரு கோப்பை வாசிப்பது போல வாசிக்க வேண்டும். கேட்டவர் யார், செலவழித்தவர் யார், பயனடைந்தவர் யார் என்னும் மூன்று கேள்விகளையும் தொடக்கம் முதல் கையில் வைத்திருக்க வேண்டும்.

எங்கே பார்ப்பது

ஓர் ஊருக்கு மட்டுமே போக முடியுமானால் அன்ஹுய் மாகாணத்தின் ஷே மாவட்டத்துக்குப் போகலாம். பழைய ஹுய்சோ நிலப்பகுதியின் நடுவிடம் அது. ஷாங்காயிலிருந்தும் ஹாங்சோவிலிருந்தும் ஹுவாங்ஷான் நகருக்கு அதிவேகப் புகையிரதம் ஓடுகின்றது. அங்கிருந்து தாங்யுவே கிராமம் கிட்டத்தான். அக்கிராமத்துக்குள் செல்லும் பாதையில் பாவ் குடும்பத்தாரின் ஏழு வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. மூன்று மிங் அரச வமிசக் காலத்தவை (1368–1644), நான்கு அதன் பின் வந்த சிங் வமிசக் காலத்தவை (1644–1912). அரசபக்தி, பெற்றோர்பக்தி, கற்பு, கொடை ஆகிய நான்கு அறங்களும் அந்த ஒரே வரிசையில் இடம்பெறுவதால், கற்பு வளைவு எதிலிருந்து எப்படி வேறுபடுகின்றது என்பதை ஒரு நடையில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். ஏழில் இரண்டு கைம்பெண்களுக்கானவை.

ஷான்தோங் மாகாணத்து ஷான் மாவட்டத்தில் 1765 இல் எழுந்த நூறு ஆயுள் வளைவும், 1778 இல் எழுந்த நூறு சிங்க வளைவும் இருக்கின்றன. இரண்டும் கைம்பெண்களுக்கு எடுக்கப்பட்டவை, செதுக்குவேலையின் மிகுதிக்குப் பெயர் பெற்றவை. செங்டுவிலோ சோங்சிங்கிலோ படிக்கிறவர்களுக்கு அந்த இரு நகரங்களுக்கும் இடையே உள்ள லோங்சாங் வசதியானது. கற்வளைவுகளின் ஊர் என்றே அது அறியப்படுகின்றது. தைவானுக்குப் போக வாய்த்தவர்கள் தைபே நகரின் 228 அமைதிப் பூங்காவிலுள்ள ஹுவாங் என்ற பெண்ணின் வளைவையும் (1882), கின்மென் தீவின் சந்தைத் தெரு நடுவே நிற்கும் சூ என்ற பெண்ணின் வளைவையும் (1812) பார்க்கலாம். அரைநாள் மட்டும் கையில் இருப்பவருக்கு நான் கின்மென் வளைவையே சொல்வேன். அது கெடாமல் முழுமையாக நிற்கின்றது, சந்தைக் கூட்டத்துக்கு நடுவே நிற்பதால் அது எழுந்த காலத்தில் எவர் கண்ணில் படவேண்டும் என்று நினைத்து வைத்தார்கள் என்பதும் தெளிவாகின்றது.

தூர நின்று எண்ணுதல்

கிட்டப் போய் எழுத்துகளைத் தேடுவதற்கு முன் இருபது முப்பது அடி பின்னால் நின்று மூன்று எண்ணிக்கைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். தூண்கள் எத்தனை, தூண்களுக்கு இடையிலான வாயில்கள் எத்தனை, மேலே சிறு கூரைகள் எத்தனை என்பவையே அவை. இரண்டு தூணும் ஒரு வாயிலும் கொண்டது எளிய அமைப்பு. நான்கு தூணும் மூன்று வாயிலும் கொண்டது நடுத்தர வசதியுள்ள குடும்பம் தொட்டு மேலே உள்ளோர் எடுத்தது. ஆறு தூண், ஐந்து வாயில், பதினொரு கூரை என்ற அளவு பேரரசர்களுக்கு உரியது. பீஜிங்கின் மிங் கல்லறைகளுக்குப் போகும் வழியில் 1540 இல் எழுப்பப்பட்ட வளைவு அவ்வாறானது. வளைவு என்று நாம் எழுதினாலும் பெரும்பாலானவற்றில் வளைந்த பகுதி எதுவும் இராது. தூண்மேல் உத்தரம் கிடத்திய நேர்கோட்டு வேலைதான்.

அடுத்து, தூண்களின் நுனியைப் பார்க்க வேண்டும். சிலவற்றில் தூண்கள் கூரையைத் தாண்டி வானத்தை நோக்கி எழுந்து நிற்கும். சிலவற்றில் கூரைகள் தூண்களை மூடிக் கிடக்கும். தாங்யுவேயின் சிங் கால வளைவுகள் முதல் வகையைச் சேர்ந்தவை, அலங்காரம் குறைந்தவை, நிமிர்ந்த தோற்றம் உடையவை. தைவான் வளைவுகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. தூணின் அடியில் முன்னும் பின்னும் அணையாக வைக்கப்பட்ட கற்களையும் கவனிக்கலாம். முரசு வடிவிலோ சிங்க வடிவிலோ செதுக்கப்பட்டிருந்தாலும் அவை அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல. மதிலின் துணையின்றி உயர்ந்து நிற்கும் தூண் காற்றிலும் நில அதிர்விலும் சாயாமல் காப்பது அவற்றின் முதல் வேலை. உத்தரக் கல்லின் முனையைக் குறுக்கிச் செதுக்கித் தூணின் துளையில் செருகிய பொருத்துகளும் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும். மரவேலையின் முறையை அப்படியே கல்லில் செய்திருக்கிறார்கள். முருகைக்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு கட்டிப் பழகிய குடாநாட்டவருக்கு அது வியப்பாக இருக்கும்.

இந்த மூன்று எண்களும் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, குடும்பத்தின் கைவளத்தையே சொல்கின்றன. சிங் அரசு ஒரு வளைவுக்கு 30 தேல் வெள்ளி வழங்கியது. ஒரு தேல் ஏறக்குறைய 37 கிராம் என்பதால் மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட வெள்ளி. எளிய வளைவு ஒன்றுக்கு அது உதவும். மூன்று வாயிலும் செதுக்குவேலையும் கொண்ட வளைவுக்கு எஞ்சியதைக் குடும்பமே போட வேண்டும். நூறு சிங்கங்களைச் செதுக்கக் கூலி கொடுத்தவர்கள் அரசின் வெள்ளியை நம்பி இருக்கவில்லை.

உச்சியில் உள்ள பலகை

நடு வாயிலுக்கு நேர் மேலே, உச்சிக் கூரையின் கீழ், நிமிர்ந்து நிற்கும் சிறு கற்பலகை ஒன்று இருக்கும். அதனைச் சுற்றி நாகம் போன்ற வடிவங்கள் நெளியும். அவை சீனத்துத் திராகன்கள். பலகையில் மேலிருந்து கீழாக இரண்டே எழுத்துகள். பெரும்பாலும் அவை ‘ஷெங் ஜி’ என்று ஒலிக்கும் பேரரசரின் ஆணை என்ற சொற்றொடராகவோ, ‘என் ரோங்’ என்று ஒலிக்கும் அருளும் பெருமையும் என்ற சொற்றொடராகவோ இருக்கும். ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் மற்றதும் இருப்பதுண்டு. இப்பலகை இருந்தால் விண்ணப்பம் தலைநகர் வரை போய்த் திரும்பியிருக்கின்றது என்று கொள்ளலாம். பலகை இருந்த இடம் வெறுமையாகவோ எழுத்து கொத்தி அழிக்கப்பட்டோ இருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1966 இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் பல வளைவுகள் இடிக்கப்பட்டன. இடிக்கப்படாதவை பலவற்றில் முதலில் உளிபட்டது இந்தப் பலகைதான்.

எந்த அறம் என்று காணல்

பலகைக்குக் கீழே, நடு வாயிலுக்கு மேல், நீண்ட படுக்கைக் கல்லில் பெரிய எழுத்துகள் நான்கோ அதற்கு மேலோ இருக்கும். இவற்றை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி பல வேளைகளில் இடமிருந்து வலமாக வாசித்துப் பொருளற்ற வாக்கியத்தைத் தரும். ஒவ்வோர் எழுத்தாகத் தனியே படமெடுத்துக் கொடுத்தால் அது தடுமாறாது. கல்லில் உள்ளவை பழைய முழு வடிவ எழுத்துகள் என்பதால் செயலியில் மரபெழுத்துச் சீனம் என்ற தெரிவை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்கே எழுத்துகளை அடையாளம் காணப் பழகினால் போதும். தலையில் ஒரே மாதிரியான இரு சிறு உறுப்புகள் பக்கம் பக்கமாக இருந்தால் அது ‘ஜியே’: கைம்மை காத்தல். நடுவே நீண்ட சாய்கோடு ஒன்று குறுக்கே இறங்கினால் அது ‘சியாவ்’: பெற்றோரையும் மாமன் மாமியையும் பேணுதல். அடியில் இரு சிறு கால்களும் நடுவில் படிகள் போன்ற கோடுகளும் இருந்தால் அது ‘ஜென்’: நிச்சயிக்கப்பட்ட மணமகன் இறந்த பிறகு மணம் செய்யாது இருந்த கன்னி. அடியில் நான்கு புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது ‘லியே’: உயிர் துறந்தவள். அவள் கணவனைத் தொடர்ந்து இறந்திருக்கலாம், வன்முறைக்கு இணங்க மறுத்துக் கொல்லப்பட்டிருக்கலாம்.

மிகுதியும் காணப்படுவது ஜியேயும் சியாவும் சேர்ந்த இணை. கணவனை இழந்தவள் மறுமணம் செய்யாதிருந்தது மட்டும் போதவில்லை, அவன் பெற்றோரைக் கடைசி வரை பார்த்து அவன் பிள்ளையை வளர்த்து ஆளாக்கினாள் என்பதே அந்த இணையின் கருத்து. தாங்யுவேயில் பாவ் வென்யுவான் என்பவரின் இரண்டாம் மனைவியான வூ என்பவளின் வளைவில் ஒருபுறம் ‘மூன்று குளிர்மாதத்திலும் உறுதி தளரவில்லை’ என்றும், மறுபுறம் ‘குலவழி ஒரு நூலிழையில் நின்றது’ என்றும் பொருள்படும் நான்கு நான்கு எழுத்துகள் உள்ளன. அந்த நூல் அவள் பெற்ற பிள்ளையல்ல. முதல் மனைவியின் மகனைத்தான் அவள் வளர்த்தாள். எந்த உழைப்புக்காகக் குடும்பம் அவளுக்குக் கடமைப்பட்டிருந்தது என்பதை அந்தப் பின்புற வரி தெளிவாகவே ஒப்புக்கொள்கின்றது. முன்புறத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

ஜென் என்ற எழுத்தைக் கண்டால் இன்னும் நிதானமாக நிற்க வேண்டும். தைவானின் தாஜியா ஊரில் 1848 இல் எழுந்த வளைவு லின் சுன்னியாங் என்பவளுக்கானது. சிறுமியாயிருக்கும்போதே வருங்கால மாமியார் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டு அங்கேயே வளர்ந்தவள் அவள். அவளை மணக்கவிருந்த பையன் நீரில் மூழ்கி இறந்தபோது அவளுக்கு வயது 12. திருமணமே நடக்காத அவள், மாமியாரைப் பேணிக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். வளைவு எழுந்தபோது அவள் உயிரோடிருந்தாள். பின்னாளில் ஊர் மக்கள் அவளைத் தெய்வமாக்கி மழைக்கு வேண்டிக்கொண்டார்கள். நான் மேலே கூறிய கோப்பு என்ற விதிக்கு இது ஒரு விலக்கு, அதுவும் மக்கள் பின்னால் சேர்த்த விலக்கு; அரசு அவளைக் கும்பிடச் சொல்லவில்லை.

லியே என்ற எழுத்து சிங் காலத் தொடக்கத்து வளைவில் இருந்தால் அதன் ஆண்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கணவனோடு உயிர்விடும் வழக்கத்தைக் காங்சி பேரரசர் 1688 இலும் யோங்செங் பேரரசர் 1728 இலும் கண்டித்து ஆணையிட்டார்கள். உயிரோடிருந்து மாமியாரைப் பார்த்துப் பிள்ளையை வளர்ப்பதே கடினமான கடமை என்பது யோங்செங்கின் வாதம். அரசுக்கு வேண்டியது குடும்பத்தைத் தாங்கும் கை என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

பெயர் இருக்கும் இடமும் இல்லாத இடமும்

பெரிய எழுத்துகளுக்குக் கீழேயுள்ள மெல்லிய கல்லில் சிறிய எழுத்துகளில் ஒரு வரி ஓடும். அதன் அமைப்பு ஏறக்குறைய எல்லா வளைவிலும் ஒன்றே. ‘ஜிங் பியாவ்’, அதாவது அரச மதிப்பளிப்பு என்ற தொடக்கம். பிறகு கணவனின் பதவியும் முழுப்பெயரும். பிறகு மனைவி என்ற சொல். பிறகு அவள் பிறந்த குடும்பத்தின் பெயர். அதன் பின் ‘ஷி’ என்ற ஓரெழுத்து. ஷி என்பது இன்ன குடும்பத்தில் பிறந்தவள் என்பதை மட்டும் சொல்லும். அவளுடைய சொந்தப் பெயர் பெரும்பாலான வளைவுகளில் இராது. தைபே வளைவுக்குரியவளின் பெயர் ஹுவாங் சினியாங் என்று இன்று சொல்லப்படுகின்றது, லின் சுன்னியாங்கின் பெயரும் வழக்கில் இருக்கின்றது; தாங்யுவேயில் நமக்குக் கிடைப்பது வூ, வாங் என்னும் இரு குடும்பப் பெயர்களே.

இந்த வரியில் மனைவி என்ற சொல்லுக்குப் பதிலாகத் தாய் என்ற சொல் வந்தால் மகன் பெரிய பதவிக்கு உயர்ந்துவிட்டான் என்று ஊகிக்கலாம். தாய் என்ற எழுத்து எளிதில் அகப்படும். சாய்ந்த பெட்டி ஒன்றுக்குள் இரண்டு புள்ளிகள் இருக்கும். கின்மென் வளைவு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சூ என்பவள் கைம்பெண்ணானபோது மகன் சியு லியாங்கோங் பிறந்து 35 நாள்கள்தான் ஆகியிருந்தன. அவர் வளர்ந்து செஜியாங் மாகாணத்தின் படைத்தலைவராகி, கடற்கொள்ளையரை ஒடுக்கிப் பெயர் பெற்றார். அதன் பிறகே தாய்க்கு வளைவு எழுந்தது. அவளைப் போலவே இளவயதில் கணவனை இழந்து அதே ஒழுக்கத்தோடு வாழ்ந்தும், மகன் மீனவனாகவே இருந்துவிட்டபடியால் கல்லில் ஏறாத பெண்கள் அத்தீவில் எத்தனை பேர் என்ற கேள்வியையும் அந்த வளைவின் கீழ் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆண்டைக் கணக்கிடல்

ஆண்டு வரி ஓரத்துக் கல்லில் இருக்கும். முதலில் ஆட்சிப் பெயர் இரண்டு எழுத்துகளில், பிறகு எண், பிறகு ‘நியென்’ என்ற ஆண்டுச் சொல். எண்களை வாசிப்பது கடினமன்று: ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை அந்தந்த எண்ணிக்கையிலான படுக்கைக் கோடுகள், பத்து என்பது கூட்டற்குறி போன்றது, மூன்று கோடுகளுக்குப் பின் கூட்டற்குறி வந்தால் முப்பது. ஆட்சிப் பெயரைச் செயலியைக் கொண்டு அறிந்துகொண்ட பின் ஒரு கூட்டல் போதும். காங்சி ஆண்டோடு 1661 ஐயும், யோங்செங் ஆண்டோடு 1722 ஐயும், சியென்லோங் ஆண்டோடு 1735 ஐயும், ஜியாசிங் ஆண்டோடு 1795 ஐயும், தாவ்குவாங் ஆண்டோடு 1820 ஐயும், சியென்ஃபெங் ஆண்டோடு 1850 ஐயும், தோங்ஜி ஆண்டோடு 1861 ஐயும், குவாங்சு ஆண்டோடு 1874 ஐயும் கூட்ட வேண்டும். நூறு சிங்க வளைவின் ஆண்டு சியென்லோங் 43. 1735 ஐக் கூட்டினால் 1778. எண்ணுக்குப் பதிலாக அறுபதாண்டுச் சுற்றின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதும் உண்டு. பிரபவ முதல் அட்சய வரை எண்ணிப் பழகிய நமக்கு அந்த முறை புதிதல்ல என்றாலும், அது எந்தச் சுற்று என்று ஆட்சிப் பெயரைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

ஆண்டு தெரிந்ததும் அந்தக் காலத்து விதியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். மிங் வமிசம் தொடங்கிய 1368 இலேயே விதி வகுக்கப்பட்டுவிட்டது. 30 வயதுக்கு முன் கணவனை இழந்து, 50 வயது கடந்தும் மறுமணம் செய்யாதவளின் வீட்டு வாசலுக்கு அரச மதிப்பு வழங்கப்படும். அந்த வீட்டார் அரசுக்குச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பிலிருந்தும் விலக்குப் பெறுவர். கட்டாய உழைப்பிலிருந்து விலக்கு என்பதை வாசிக்கும்போது ஒரு கணம் நிறுத்த வேண்டும்: கைம்பெண் ஒருத்தியின் இருபது ஆண்டுகளால் அந்த வீட்டு ஆண்களின் உடலுழைப்பு மிஞ்சியது. சிங் ஆட்சியில் விதி தளர்ந்துகொண்டே போயிற்று. 1723 இல், 15 ஆண்டுகள் கைம்மை காத்து 40 வயதைக் கடந்து இறந்தவளும் தகுதி பெற்றாள். 1824 இல் அது 10 ஆண்டாகவும், 1871 இல் 6 ஆண்டாகவும் குறைந்தது. ஆகவே சியென்லோங் காலத்து வளைவும் குவாங்சு காலத்து வளைவும் ஒரே மாதிரித் தோன்றினாலும் அவற்றின் பின்னால் உள்ள வாழ்க்கையின் நீளம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

தாங்யுவேயின் வூ 29 வயதில் கணவனை இழந்தவள். முப்பதுக்குள் ஒரு வயதே மிச்சம். அடுத்த ஆண்டு அவன் இறந்திருந்தால் அவளுடைய அதே வாழ்க்கைக்குக் கல் கிடைத்திராது. சீனர் பழைய வழக்கப்படி பிறந்த குழந்தையை ஒரு வயது என்று எண்ணினார்கள் என்பதால், நம் கணக்கில் எல்லா வயதிலும் ஒன்றோ இரண்டோ குறைத்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் கிடைத்த ஆண்டும் கல் நட்ட ஆண்டும் வேறு வேறாக இருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. தைபேயின் பெய்தோ பகுதியிலுள்ள சோ என்பவளின் வளைவுக்கு 1850 இல் ஒப்புதல் கிடைத்தும் 1861 இல்தான் அது எழுந்தது.

கேட்டவரும் பயனடைந்தவரும்

தூண்களிலும் ஓரக் கற்களிலும் உள்ள சிறு எழுத்துப் பெயர்கள் பெரும்பாலும் அதிகாரிகளுடையவை. இங்கே கிராம சேவகரிடம் தொடங்கும் கடிதம் பிரதேச செயலகம், கச்சேரி, அமைச்சு என்று ஏறுவது போல, கைம்பெண்ணின் உறவினரும் ஊர்ப் பெரியோரும் எழுதிய விண்ணப்பம் மாவட்ட நீதவான், மேலதிகாரிகள், மாகாண ஆளுநர் என்று ஏறிப் பீஜிங்கின் சடங்கு அமைச்சுக்குப் போய்ப் பேரரசரின் ஒப்புதலுக்கு வைக்கப்பட்டது. ஒவ்வொரு படியிலும் எழுத்தர்களின் கையை நனைக்க வேண்டியிருந்தது என்பதால் ஏழைக் கைம்பெண்ணின் கோப்பு முதற்படியிலேயே நின்றுவிடும். தூணில் பொறித்த இருவரிச் செய்யுள்களும் அதிகாரிகளும் கற்றோரும் எழுதிக் கொடுத்தவை. குடும்பத்தின் தொடர்பு எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்கு அவை சான்று.

ஹுய்சோவில் வளைவுகள் குவிந்ததற்குக் காரணம் தேடுகிறவர்கள் சேங் யீ என்ற பதினோராம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் ‘பட்டினியால் சாவது சிறிய காரியம், ஒழுக்கம் இழப்பது பெரிய காரியம்’ என்ற கருத்தில் சொன்னதை மேற்கோள் காட்டுவார்கள். அது உண்மைதான், ஆனால் போதாது. ஹுய்சோ ஆண்கள் உப்பு, தேயிலை, மர வணிகத்துக்காக இளவயதிலேயே ஊரைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் வெளியூரில் தங்கினார்கள். வீடும் நிலமும் முதியோரும் பிள்ளைகளும் பெண்ணின் கையில் இருந்தன. அவள் போய்விட்டால் குடும்பம் குலையும். பாவ் குடும்பத்தாரும் உப்பு வணிகத்தால் செழித்தவர்களே.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மிங், சிங் சட்டங்களின்படி கணவனை இழந்தவள் மறுமணம் செய்தால் அவனுடைய சொத்து மட்டுமன்றி அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீர்ப்பொருளும் கணவன் வீட்டாருக்கே போய்விடும். மறுமணம் செய்யாது இருந்தால் வாரிசின் பெயரில் அவன் பங்கை அவள் நிர்வகிக்கலாம்; மகன் இல்லையென்றால் குலத்தாரில் ஒருவனைச் சுவீகாரம் எடுக்க வேண்டும். ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகவே வைத்தது. கணவனை இழந்த தாய் மறுமணம் செய்யும்போது பிள்ளைகளின் பங்கு என்னாகும் என்பதையும் நடக்கக்கூடிய காரியமாக எடுத்து வகுத்தது. அதே காலத்தவர்களான ஒரு யாழ்ப்பாணத்துக் கைம்பெண்ணையும் ஒரு ஹுய்சோக் கைம்பெண்ணையும் இந்த இரு சட்டங்களின் முன் நிறுத்திப் பார்த்தால் வளைவின் கல் எவ்வளவு கனம் என்பது விளங்கும். யாழ்ப்பாணத்துப் பெண்ணின் நிலை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளைச் சேலைக்குச் சட்டம் தேவைப்படவில்லை.

ஆனாலும் வளைவைப் பெண்மேல் வைத்த சிறை என்று மட்டும் வாசிப்பதும் அவசரம். கைம்பெண்ணை எவனுக்காவது கட்டிக்கொடுத்தால் மணப்பணமும் அவள் கணவனின் நிலமும் கிடைக்கும் என்பதால், அவளை வீட்டைவிட்டு அனுப்ப முனைந்த மைத்துனர்கள் இருந்தார்கள். அத்தகைய வீட்டில் அரச மதிப்புப் பெற்றவள் என்ற நிலை அவளுக்கு ஒரு காவல். எந்த வளைவு காவலாக இருந்தது, எந்த வளைவு பூட்டாக இருந்தது என்பதைக் கல்லை மட்டும் கொண்டு தீர்மானிக்க முடியாது. சொத்து யார் கையில் இருந்தது, மகன் இருந்தானா, வளர்ப்பு மகனா என்பவற்றை அறிந்தால் ஓரளவு ஊகிக்கலாம். இந்தச் சிக்கலை ஹுய்சோக்காரர்களே உணராமல் இல்லை. அப்பகுதியின் யீ மாவட்டத்தில் பிறந்த அறிஞர் யூ செங்சியே (1775–1840), மறுமணம் செய்பவளை இழிக்கக்கூடாது, செய்யாதவளை மதித்தால் போதும் என்று எழுதினார். 1918 இல் சீன எழுத்தாளர் லூ சுன் இந்த வழக்கத்தை நேரடியாகவே தாக்கி எழுதியபோது பேரரசு வீழ்ந்துவிட்டது, ஆனால் கைம்பெண்களுக்கு மதிப்பளிக்கும் அரச விதிகள் குடியரசிலும் நீடித்துக்கொண்டிருந்தன.

விதி தளர்ந்து தகுதி பெற்றவர்கள் பெருகியபோது பலரை ஒரே வளைவில் சேர்த்துவிடும் வழக்கமும் வந்தது. ஷே மாவட்ட நகரில் 1905 இல் செங்கல்லால் எழுப்பப்பட்ட வளைவு ஹுய்சோப் பகுதியின் 65,078 பெண்களுக்கு ஒன்றாக எடுக்கப்பட்டது. தாங்யுவேயைப் பார்த்த நாளிலேயே இதையும் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் தனி வளைவுகள் எவ்வளவு சிலருக்குக் கிடைத்தவை என்பதற்கு இதுவே அளவுகோல். பளிங்கும் சிங்கமும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். அது சிறிய, சாதாரணமான கட்டுமானம்.

வழிகாட்டிகள் சொல்லும் கதைகள்

கைம்பெண் ஒருத்தி இரவில் நூறு செப்புக் காசுகளை இருட்டறையில் எறிந்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தடவிப் பொறுக்கிச் சோர்ந்து உறங்கினாள், அந்தக் காசுகள் தேய்ந்து வழுவழுப்பாயின என்ற கதை பல ஊர்களில் பல பெண்களைப் பற்றிச் சொல்லப்படும். உருக்கமான கதை. அதனைச் சுற்றித் திரியும் கதை என்று குறித்துக்கொள்ளலாமே தவிர, குறிப்பிட்ட வளைவுக்குரியவளின் வரலாறாக எழுதக்கூடாது. செதுக்கிய மூங்கிலும் பிளம் பூவும் பைன் மரமும் உறுதியைக் குறிப்பவை என்ற விளக்கத்தை ஏற்கலாம். ஒவ்வொரு சிங்கக் குட்டிக்கும் ஒரு பொருள் சொல்லத் தொடங்கினால் நடையைக் கட்டிவிடலாம்.

சுற்றுப்புறத்தைப் பார்த்தலும் குறிப்பெடுத்தலும்

வளைவு இப்போது நிற்கும் இடம் அது முதலில் நின்ற இடமா என்று கேட்க வேண்டும். தைபேயின் ஹுவாங் வளைவு 1901 இல் வேறிடத்திலிருந்து பூங்காவுக்கு மாற்றப்பட்டது. அதன் கீழ் நின்று அந்தக் காலத்து வீதியைக் கற்பனை செய்வதில் பொருளில்லை. தாங்யுவேயிலோ வளைவுகளோடு குல மண்டபங்களும் இருக்கின்றன. அவற்றில் சிங் யீ மண்டபம் பெண்களுக்கென்று கட்டப்பட்டது, சீனத்தில் அரிது. 1723 இல் யோங்செங் பேரரசர் ஒவ்வொரு மாவட்டத்திலும் கட்டப் பணித்த கைம்பெண் நினைவகங்களில் எஞ்சியவை எங்கேனும் இருந்தால், அங்குள்ள பெயர்ப் பட்டியல்கள் வளைவைவிட அதிகம் சொல்லும்.

ஒளிப்படம் எடுக்கக் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை வெயில் சாயும்போதும் போவது நல்லது. பக்கவாட்டு ஒளியில்தான் தேய்ந்த எழுத்து நிழல் விழுந்து தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். எழுத்தைத் தெளிவாக்குவதற்காகச் சுண்ணக்கட்டி பூசுவதோ, தாள் வைத்துக் கரி தேய்ப்பதோ, நீர் ஊற்றுவதோ கூடாது. முன்புறம், பின்புறம், உச்சிப் பலகை, நடு உத்தரம், ஆண்டு வரி, தூணடிக் கற்கள் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து, முழு வளைவையும் சுற்றியுள்ள வீடுகளோடு ஒரு படத்தில் அடக்க வேண்டும். படங்களை வீட்டுக்கோ பாடசாலைக்கோ அனுப்பும்போது கோப்பின் பெயரில் மாகாணம், ஊர், ஆட்சிப் பெயரும் ஆண்டும், கணவனின் குடும்பப் பெயர், அவளுடைய குடும்பப் பெயர், ஜியே, சியாவ், ஜென், லியே என்பவற்றுள் எது என்பதை இந்த ஒழுங்கில் எழுதினால், ஒருவர் அன்ஹுயிலிருந்தும் இன்னொருவர் சிச்சுவானிலிருந்தும் அனுப்பியவற்றைப் பின்னர் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட முடியும்.